சிட்டவுட்டில் மட்டும் கிடைத்த சிக்னல்

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வராது. ஊரில் அவளைப் பொட்டி என்பார்கள். காது கேளாதவளுக்கும் புத்தி குறைந்தவளுக்கும் எங்கள் பக்கத்தில் அந்த ஒரே சொல்தான். அவளுக்குப் புத்தி குறைவு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நினைத்திருந்தால் நான் செய்த காரியத்துக்கு ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

எங்கள் வீடு பாறசாலையிலிருந்து எல்லைப் பக்கம் போகும் ரோட்டில், ஒரு பள்ளத்தில் இருக்கிறது. பின்னால் ரப்பர் தோட்டம். தோட்டத்துக்கு அந்தப்புறம் தமிழ்நாடு. நான் நெய்யாற்றின்கரையில் ஆதாரம் எழுதுகிறேன், அதாவது நிலப் பத்திரம் எழுதுகிற வேலை. மனைவி பாறசாலையில் ஒரு பள்ளியில் டீச்சர். அம்மைக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்து நான்கு வருடமாகியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் காலையில் கிளம்பிவிடுவோம். அம்மையைப் புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் தங்கை. இடையிடையே தன் அறையில் உட்கார்ந்து ஊர்ப் பெண்களுக்குச் சட்டையும் சுரிதாரும் தைப்பாள். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது.

அந்த ஈஸ்டர் கழிந்து அவள் தையல் வருமானத்தில் ஒரு டேப்லெட் வாங்கினாள். பத்து இஞ்சு, சிம் போடுகிற மாதிரி. போன் போதாதா என்று கேட்டேன். அவள் தன் போனை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்து, தள்ளி நின்று, விரல்களை அசைத்துக் காட்டினாள். பிறகு டேப்லெட்டில் அதையே செய்தாள். போனில் விரல்கள் புழுக்களைப்போலத் தெரிந்தன. டேப்லெட்டில் ஒவ்வொரு விரலும் தனியாகத் தெரிந்தது. கையால் பேசுகிறவர்களுக்குத் திரை பெரிதாக இருக்கவேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எந்தக் கம்பெனி சிம் போடலாம் என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். இந்த மாதிரி வெளிவேலைகளெல்லாம் என் பொறுப்பு. ரேஷன் கார்டு, ஆதார், பாங்கு எல்லாவற்றுக்கும் சின்ன வயதிலிருந்தே நான்தான் அவளுக்கு வாய். எங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு கைபாஷை இருந்தது. அவளுக்கு மூன்று வயதும் எனக்கு ஒன்பது வயதும் இருந்தபோது இரண்டு பேருமாக உண்டாக்கியது. அம்மை என்றால் நெற்றியைத் தடவுவது. அப்பா என்றால் பீடி இழுப்பது. அதை வீட்டில் வேறு யாரும் சரியாகப் படிக்கவில்லை. பின்னால் அவளைக் காது கேளாதவர்களின் பள்ளியில் சேர்த்தோம். அங்கே அவள் வேறொரு பெரிய பாஷை படித்து வந்தாள். அதில் அவள் கூடப் படித்த கூட்டுக்காரிகளிடம் பேசுவதைப் பார்த்தால் எனக்கு ஒரு எழுத்து புரியாது. நான் அதைப் படிக்க முயன்றதும் இல்லை.

அன்றைக்கே, டேப்லெட்டை மேசையில் வைத்துவிட்டு, அவள் எனக்கு ஓர் ஆளைப் பற்றிச் சொன்னாள். முதலில் மீசை. பிறகு அடுப்புக்குள் நீளமான பலகையை விட்டு எதையோ இழுத்தெடுப்பதுபோல ஒரு அசைவு. ஆள் காட்டாக்கடை என்ற ஊரில் ஒரு பேக்கரியில் போர்மாவில் நிற்கிறான். போர்மா என்றால் ரொட்டி சுடுகிற பெரிய அடுப்பு. அவனுக்கும் காது கேட்காது. நெய்யாற்றின்கரையில் காது கேளாதவர்கள் கூடுகிற கூட்டத்தில் பழக்கம். மழை கழிந்ததும் வீட்டுக்கு வந்து பெண் கேட்பான் என்றாள். சொல்லும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்து, நல்ல காரியம் என்று தலையசைத்தேன். அந்த நேரத்தில் அது உண்மையான சிரிப்புதான்.

மறுநாள் லீவு. பாறசாலை மொபைல் கடையில் விசாரித்தேன். நானும் மனைவியும் வருடக்கணக்காக ஒரே கம்பெனி சிம்தான் வைத்திருந்தோம். அதன் டவர் ரயில் பாதைப் பக்கத்து மேட்டில் இருக்கிறது. பள்ளத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் அது எட்டாது. போன் வந்தால் சிட்டவுட்டுக்கு, அதாவது ரோட்டைப் பார்த்த முன்வராந்தாவுக்கு ஓடி வருவோம். கேபிள் நெட்டுக்காரன் ரப்பர் தோட்டத்தின் வழியாக வயர் இழுக்க முடியாது என்று கைவிரித்திருந்தான். கடைக்காரர் சொன்னார், "சேட்டா, அதிர்த்திக்கு அந்தப்பக்கம் மற்ற கம்பெனிக்காரனுக்க புது டவர் ஒண்ணு வந்திட்டுண்டு. ஒங்க வீட்டுக்கு நேர் பின்னால ஆக்கும். இந்த சிம்ம கொண்டுபோய் ஒருநாள் போட்டுப் பாருங்க." அதிர்த்தி என்றால் எல்லை.

தங்கை தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்த சமயம் பார்த்து, அந்தச் சிம்மை என் போனில் போட்டு வீடு முழுக்க நடந்தேன். தமிழ்நாடு உங்களை வரவேற்கிறது என்று என் சொந்த அடுக்களையில் நிற்கும்போது மெசேஜ் வந்தது. தங்கையின் அறையில் சிக்னலின் எல்லாக் கட்டையும் நிறைந்து நின்றது. அவளுடைய தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வீடியோ போட்டேன். ஒரு நொடிகூட நிற்காமல் ஓடியது. அம்மையின் அறையிலும் அப்படியே. இதையே வாங்கிவிடலாம் என்று முடிவுசெய்துகொண்டுதான் சிம்மைக் கழற்றினேன்.

மத்தியானம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காட்டாக்கடைக்காரனைப் பற்றியும் சொன்னேன். அவள் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். பிறகு கேட்டாள்.

"அவ போனா அம்மைய ஆரு பாப்பா?"

நான் ஒரு ஆளை வைக்கலாம் என்றேன். ஹோம் நர்ஸ் வைத்தால் எவ்வளவு செலவாகும் என்று அவள் கணக்குச் சொல்லவில்லை. அம்மை வேற்றாளைத் தொடவிட மாட்டாள் என்பது உங்களுக்கே தெரியுமே என்றாள். தன்னால் வேலையை விட முடியாது என்றாள். அதிலும் தப்பில்லை. கடைசியாக, "நான் ஒண்ணும் சொல்லேல்ல. நீங்க யோசிச்சுப் பாருங்க" என்று எழுந்து கைகழுவப் போனாள்.

உள்ளே அம்மை விழித்திருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். கோணிய வாயால் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "மக்கா, பொட்டிக்கு எதுக்கு மாப்பிள."

தன் மகளை அம்மை அந்தப் பெயரால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் கடைக்குப் போய்ச் சிம்மைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் ஆச்சரியப்பட்டார். அங்கே கிடைக்கவில்லையா என்று கேட்டார். "கிடைக்கேல்ல" என்றேன். எங்கள் பழைய கம்பெனி சிம்மைத் தங்கை பெயரில் வாங்கினேன். கைரேகை வைக்க அவளே கடைக்கு வந்தாள். வரும் வழியில் பஸ்ஸில், மற்ற கம்பெனி நம் வீட்டில் எடுக்காது, இதுதான் எடுக்கும், அதுவும் சிட்டவுட்டில் மட்டும் என்று சொன்னேன். அவள் என் முகத்திலிருந்துதான் பாதி அர்த்தத்தை எடுப்பாள். அதனால் டேப்லெட் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கையை அசைத்தேன். எங்கள் போனெல்லாம் அப்படித்தான் என்பதால் அவள் சந்தேகப்படவில்லை. நன்றி என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

அப்போது என் மனதில் இருந்ததை மறைக்காமல் சொல்லவேண்டும். பேச்சு எளிதாக நடந்தால் உறவு உறுதிப்படும், நடக்காவிட்டால் தானாகவே தேய்ந்துவிடும் என்று நினைத்தேன். வேண்டாம் என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லும் கெட்ட பெயரும் எனக்கு வராது.

காட்டாக்கடைக்காரனுக்கு ஐந்து மணிக்கு ஓய்வு. முதல்நாள் ஐந்துக்கு அவள் சிட்டவுட்டின் உள்சுவரில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்து, ரோட்டுக்கு முதுகு காட்டி நின்றாள். அங்கே வைத்தால் சிக்னல் ஒரு கட்டைதான். படம் நின்று நின்று வரும். ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் வைத்தால் இரண்டு கட்டை. ஆகவே ரோட்டைப் பார்த்தே நின்றாள். எங்கள் ரோட்டில் அந்த நேரத்தில்தான் ஆள் நடமாட்டம். டியூஷன் பிள்ளைகள், பால் சொசைட்டிக்குப் போகிறவர்கள், ரப்பர் வெட்டுக்காரர்கள். கையால் பேசுகிறவர்களுக்கு முகமும் பேசவேண்டும். புருவம் ஏறும், கன்னம் உப்பும், உதடு கோணும். அவள் தன் மனிதனிடம் பேசுவதை ஊர் முழுக்க நின்று பார்த்தது. பிள்ளைகள் ரோட்டில் நின்று அவள் செய்வதைத் திரும்பச் செய்து காட்டினார்கள். அவளுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்காது. ஆனால் கண் இருக்கிறது.

எதிர்வீட்டுப் பெண்ணொருத்தி அதைப் போனில் பிடித்து, அதன்மேல் ஒரு டப்பாங்குத்துப் பாட்டை ஒட்டி, எங்கள் சபை வாட்சப் குரூப்பில் போட்டாள். என் தங்கை கன்னத்தை உப்பிக் கையை ஆட்டுவது பாட்டின் தாளத்துக்குச் சரியாகப் பொருந்தியிருந்தது. முப்பது பேருக்குமேல் சிரிப்பு முகம் போட்டிருந்தார்கள். என் மனைவியும் போட்டிருந்தாள். நான் போடவில்லை. ஆனால் ஆபீசில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவையும் பார்த்தேன்.

யாரோ அதை அவளுக்குக் காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் கைகளைச் சுருக்கிக்கொண்டாள். நெஞ்சோடு ஒட்டி, விரல் நுனியால் பேசினாள். முகத்தை அசைக்கவில்லை. நாம் குசுகுசுப்பதுபோல. அந்தப்பக்கம் இருக்கிறவன் புரியவில்லை, புரியவில்லை என்று தலையாட்டுவதை நான் நாற்காலியிலிருந்து பார்த்தேன். ஜூன் பிறந்து மழை பிடித்ததும் இருந்த சிக்னலும் போயிற்று. அவன் முகம் பாதி வாய் திறந்தபடி திரையில் நின்றுவிடும். அவள் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு சாரலில் கேட்டுவரை போய்ப் பார்ப்பாள். எழுதி அனுப்பலாம்தான். ஆனால் இருவருக்கும் எழுத்து அவ்வளவு வராது. நாளைக்கு, மழை, இல்லை, சாப்பாடு என்று உதிரிச் சொற்கள் போகும், வரும். அதை வைத்துக்கொண்டு ஒருத்தர் மனசை ஒருத்தர் எப்படி அறிவது?

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். மனைவி சர்ச்சுக்குப் போயிருந்தாள். எனக்குக் காய்ச்சல், வீட்டில் இருந்தேன். தங்கை பின்னால் அம்மையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பைக் சத்தம் கேட்டு நான் கேட்டுக்குப் போனேன். மழைக்கோட்டு போட்ட, கறுத்து மெலிந்த ஆள். ஒரு பேக்கரிப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். என்னைப் பார்த்ததும் பெட்டியைப் பைக்கில் வைத்துவிட்டு, பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து மலையாளத்தில் எழுதினான். இங்கே நெட்வொர்க் மோசம், வேறு கம்பெனி நல்லது, நான் வாங்கித் தருகிறேன், அவளைப் பார்க்கணும். அவ்வளவுதான் அர்த்தம். வேறொரு சிம்மும் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தான். கவரைப் பார்த்தேன். அதிர்த்திக்கு அந்தப்புறத்து டவர்க்காரனுடைய அதே கம்பெனி.

என் தங்கை இருபதடி தூரத்தில் இருந்தாள். காது கேட்கிற பெண்ணாக இருந்தால் பைக் சத்தத்துக்கே ஓடி வந்திருப்பாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் எனக்குக் கேட்டது.

நான் அவன் கையிலிருந்து பேனாவை வாங்கி எழுதினேன். "அவளுக்கு விருப்பமில்லை. உங்களிடம் நேராகச் சொல்லச் சங்கடப்பட்டு நெட்வொர்க் சரியில்லை என்கிறாள். தயவுசெய்து இனி தொந்தரவு செய்யாதீர்கள்."

அவன் அதை மெதுவாக, விரல் வைத்துப் படித்தான். அவள் பேசும்போது கையைச் சுருக்கிக்கொண்டதும் முகத்தை மரமாக வைத்துக்கொண்டதும் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். ஏனென்றால் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பேக்கரிப் பெட்டியை என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன். உள்ளே பிளம் கேக். அன்றைக்கு மத்தியானம் எல்லோருமாகத் தின்றோம். யார் கொண்டுவந்தது என்று தங்கை கேட்டதற்கு, பத்திரம் எழுத வந்த ஒரு கட்சிக்காரர் என்றேன்.

மறுநாளிலிருந்து அவன் எடுக்கவில்லை. அவள் ஐந்து மணிக்குச் சிட்டவுட்டில் நின்றாள். ஓண விடுமுறை முழுக்க நின்றாள். டேப்லெட்டில் ஏதோ கோளாறு என்று என்னிடம் கொண்டுவந்தாள். நான் வாங்கி, அணைத்துத் திரும்பப் போட்டு, சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டு, சரியாக இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தேன். ஐப்பசி வாக்கில் அவள் நிற்பதை விட்டாள். ரோட்டுப் பிள்ளைகள் சிலநாள் கேட்டில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கிறிஸ்துமசுக்கு முன்பு நெய்யாற்றின்கரையில் காது கேளாதவர்களின் கூட்டம் நடந்தது. அவள் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினாள். நான் சிட்டவுட்டில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து டேப்லெட்டை என் மடியில் வைத்தாள். திரையில், நான் கேட்டில் வைத்து எழுதிய அந்தத் தாளின் போட்டோ. அவன் அவளிடம் அதைக் காட்டியிருக்கிறான். பக்கத்தில் அவனுக்கு நிச்சயித்த பெண்ணும் நின்றிருந்தாளாம். இதைப் பிறகு அவளுடைய கூட்டுக்காரி ஒருத்தி எழுதிக் காட்டித் தெரிந்துகொண்டேன். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும். ஆதாரம் எழுதி எழுதி உருண்ட கையெழுத்து. அவளுடைய பள்ளிக்கூட நோட்டுகளுக்கெல்லாம் பெயர் எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

அவள் என்னைச் சுட்டிக் காட்டினாள். நீயா?

தலையசைத்தேன்.

ஏன் என்று கையை மலர்த்தினாள். நான் நெற்றியைத் தடவினேன். அம்மை.

அவள் டேப்லெட்டை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, அம்மையின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் காலையிலேயே கூட்டத்துக்குப் போனவள். மனைவி கஞ்சி கொடுத்திருந்தாள், வேறொன்றும் செய்திருக்கவில்லை. அறையில் நாற்றம். தங்கை வாளியில் வெந்நீர் கொண்டுவந்து, துணியை நனைத்துப் பிழிந்து என் கையில் வைத்தாள். சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அம்மைக்கு விஷயம் புரிந்துவிட்டது. இடது கையால் கட்டியிருந்த முண்டுத் துணியைப் பிடித்துக்கொண்டாள். "எலே, நீ வெளிய போ. அவள விளி" என்றாள். அவள் இங்கேதான் இருக்கிறாள் என்றேன். "வேண்டாம் மக்கா" என்று அழ ஆரம்பித்தாள். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் கண் அசையவில்லை. அம்மையின் கையை நானே விலக்கினேன். எப்படிப் புரட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. இடுப்பைத் தவறாகப் பிடித்துவிட்டேன், அம்மை வலியில் கத்தினாள். புண் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது, அதன்மேலேயே துணியை வைத்து அழுத்தினேன். துடைத்து முடிக்க ரொம்ப நேரமானது. அம்மை முகத்தைத் தலையணைக்குள் திருப்பிக்கொண்டு, கர்த்தாவே கர்த்தாவே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தமெல்லாம் கேட்டது எனக்கு மட்டும்தான். முடிந்ததும் தங்கை எழுந்து வந்து, புண்ணுக்கு மருந்து போட்டு, விரிப்பை இழுத்துச் சரிசெய்து, வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் தனியாகப் பாறசாலைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் பின்னால் என்னிடம் சொன்னது இது. மற்ற கம்பெனி சிம் வேண்டும் என்று எழுதிக் காட்டியிருக்கிறாள். அது உங்கள் வீட்டில் எடுக்காது என்று அண்ணன் போட்டுப் பார்த்துச் சொன்னாரே என்று இவர் எழுதிக் காட்டியிருக்கிறார். அவள் அதைப் படித்துவிட்டு, பரவாயில்லை, கொடுங்கள் என்றாளாம். "உள்ளதுதானா சேட்டா, எடுக்காதா?" என்று என்னிடம் கேட்டார். நான் பஸ் வந்துவிட்டது என்று சொல்லி நகர்ந்தேன்.

அன்றிலிருந்து அவள் தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். மெஷினுக்குப் பக்கத்திலேயே எல்லாக் கட்டையும் கிடைப்பதை அவளும் பார்த்துவிட்டாள் என்பதற்கு அதுவே சாட்சி. யாரிடம் பேசினாள் என்று தெரியாது. கூட்டுக்காரிகளாக இருக்கும். காட்டாக்கடைக்காரனுக்கு ஜனவரியில் கலியாணம் முடிந்தது. அம்மையை அவள் முன்பு பார்த்ததைவிட ஒரு குறைவும் இல்லாமல் பார்த்தாள். சோறு வைத்தாள், என் சட்டைக்குப் பட்டன் தைத்தாள். என்னிடம் கையை மட்டும் அசைப்பதில்லை. நான் எங்கள் பாஷையில் எதையாவது கேட்டால், ஒரு அந்நியன் பேசுவதைப்போலப் பார்ப்பாள். தவிர்க்க முடியாவிட்டால் தையல் அளவு குறிக்கும் சீட்டில் எழுதி மேசையில் வைப்பாள். மருந்து தீர்ந்தது. கேஸ் புக் பண்ணு. மனைவி ஒருநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். கையைப் பிடித்து அழுதாள் என்று சொன்னாள். தங்கை கையை இழுத்துக்கொள்ளவில்லை, பதிலுக்கு ஒன்றும் செய்யவும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேர் பாஷையில் அதற்கென்று ஒரு கை இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன், நினைவு வரவில்லை.

அடுத்த வருடம் நோன்புக் காலத்தில் அம்மை போய்ச் சேர்ந்தாள். அடக்கம் கழிந்து ஜெபக்கூட்டமும் முடிந்த மறுநாள் காலையில் தங்கை கிளம்பிவிட்டாள். ஒரு வேன் கொண்டுவந்து தையல் மெஷினை ஏற்றினார்கள். வந்த மூன்று பெண்களும் காது கேளாதவர்கள். திருவனந்தபுரத்தில் ஒரு தையல் யூனிட்டில் வேலை, ஹாஸ்டலில் இடம் என்று சீட்டில் எழுதி வைத்திருந்தாள். விலாசம் எழுதவில்லை.

அம்மையின் பெயரிலிருந்த நிலத்துக்கு வாரிசுகளின் ஒப்பு, அதாவது கையெழுத்து, வேண்டியிருந்தது. கூட்டுக்காரி மூலம் சொல்லி அனுப்பினேன். குறித்த நாளில் அவள் நெய்யாற்றின்கரைக்கு வந்தாள். கூட ஒரு இளம்பெண். அவளுக்குக் காது கேட்கும், வாயும் பேசும். கைபாஷையைப் பெயர்த்துச் சொல்கிறவள், கோர்ட்டுகளுக்கெல்லாம் போகிறவள் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். நான் என் தங்கைக்குப் பத்திரத்தைக் காட்டிக் கையை அசைக்கத் தொடங்கினேன். தங்கை அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெண் கொஞ்சம் சங்கடத்தோடு, நீங்கள் வாயால் சொன்னால் போதும், நான் அவங்களுக்குச் சொல்கிறேன் என்றாள்.

நான் ஆதாரத்தை வாசித்தேன். ஒவ்வொரு வரியையும் அந்தப் பெண் கையால் சொன்னாள். தங்கை இரண்டு இடத்தில் நிறுத்தி, எல்லை அளவைத் திரும்பக் கேட்டாள். கேட்டது நியாயமான கேள்விகள். பக்கத்து மேசைகளில் என்னோடு இருபது வருடம் வேலை செய்கிறவர்கள் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எல்லாப் பக்கத்திலும் ஒப்பு வைத்தாள்.

"வேற ஏதாவது அவங்ககிட்ட சொல்லணுமா?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்.

"சாப்பிட்டாச்சான்னு கேளுங்க" என்றேன்.

அவள் கேட்டாள். தங்கை ஒரு கையசைவில் பதில் சொன்னாள்.

"சாப்பிட்டாச்சாம்" என்றாள் அந்தப் பெண். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக இறங்கி நடந்தார்கள்.